ஓவர்டைம்

ஷிப்ட் முடிந்து வந்தால்
கட்டிலடியில் மாத்திரை அட்டை
பல்தடத்தோடு.
மூட்டுவலிக்கு நான் போடுவது.
எட்டு மணிக்கு மேல்தான் கேம்ப்புக்கு வரும் என்பதால்
ஓவர்டைம் என்று பேர் வாங்கிய நாய்
வாலாட்டுகிறது,
ஒன்றும் நடக்காததுபோல்.

உப்புத்தண்ணி ஊற்று என்றான் சூசைராயன்.
பால் கொடு என்றான் பங்களாதேஷ்காரன்.
சோஹார் மிருக டாக்டர் போனிலேயே அதட்டினார்:
வாயில் எதையும் ஊற்றாதே,
வாந்தி எடுக்க வைக்காதே.
எத்தனை? எப்போது? என்ன எடை?

பத்துக் குழி.
நான் தின்றது இரண்டு, மிச்சம் மூன்று.
அப்போ ஐந்து.
தண்ணி லாரி போன பிறகுதான், ஒரு மணிநேரம் இருக்கும்.
எடை?

ஊருக்குப் போகிறவன் பெட்டியை
நிறுத்துப் பார்க்கும் கொக்கித் தராசில்
அரிசிப் பையோடு தொங்கவிட்டோம்.
பதினொன்றரை.
'ஹேண்ட் லக்கேஜ்ல விடமாட்டான்'
யாரோ சொன்னான்.
யாரும் சிரிக்கவில்லை.

போர்மேனின் பிக்கப்.
சட்டைப்பையில் அட்டை, மடியில் அது.
ஒவ்வொரு ரவுண்டபவுட்டிலும்
மொத்தக் கனமும்
என் வலது முழங்காலில் சாய்ந்தது.

வலித்தது.
மாத்திரை அதன் வயிற்றில்.