அறுபது மில்லி

தும்பரும்பா.
முதலில் கேட்டபோது
தும்பை அரும்பு என்றே காதில் விழுந்தது.
வந்து பார்த்தால் யூகலிப்டஸ், உறைபனி,
கண்காட்சித் திடல் முழுக்க லாரிகள்,
ஒவ்வொன்றின் பின்னாலும் குதிரை மூச்சு.

தில்லைநாதன் என்கிற என்னை
பிரான்வின் 'தில்' என்று நறுக்கிக்கொண்டாள்.
எங்கள் பேச்சில் அதற்குத் துணிச்சல் என்று பொருள்.
நான் சொல்லவில்லை.
சொன்னால் அதன்படி நடக்கவேண்டி வரும்.

நூற்றறுபது கிலோமீட்டர், நள்ளிரவில் தொடக்கம்.
அவள் ஏறுவாள். மார்மலேட் ஓடும்.
எனக்கு வாளி, பஞ்சு,
ஊசி இல்லாத நாலு ஊசிக்குழல்கள்.
ஒவ்வொன்றிலும் அறுபது மில்லி:
ஆப்பிள் கூழில் குழைத்த மால்டோடெக்ஸ்ட்ரின்,
ஒரு சிட்டிகை உப்பு.

'கிளம்பும் முன்னே தானியம் கூடாது தில்,
இன்சுலின் முந்திவிடும், சர்க்கரை விழுந்துவிடும்.
ஓடத் தொடங்கியபின் கொஞ்சம் கொஞ்சமாய்.'
பதினொரு வருடமாய்
வயிற்றில் குத்திக்கொள்கிறவனிடம் சொல்கிறாள்.
தலையாட்டினேன், அந்தச் செவலையைப் போல.

ஆறு மாதம் மேடேறிய உடம்பு அது.
கொழுப்பை மெல்ல எரிக்கப் பழகிய உடம்பு.
ஓடாத ஓட்டத்தை எந்தப் பொடியும் ஓடித் தராது;
பொடி வெறும் கைச்செலவுக் காசு.
கூடிப்போனால் குடல் கோபிக்கும்,
குளம்புக்குள் நெருப்பு பிடிக்கும்.
இதையும் அவள்தான் சொன்னாள்,
வைக்கோலை நனைத்துக்கொண்டே.

கொள்ளு என்றால் வாய் திறக்குமாம்,
கடிவாளம் என்றால் மூடுமாம்.
இது எதற்கும் மூடியது.
முதல் குழலில் பாதி என் சட்டைக்குப் போனது.
இரண்டாவதை நாக்கின் பின்புறம் வைத்து அழுத்தினேன்;
முறைத்துக்கொண்டே விழுங்கியது.

மூன்றாவது நிறுத்தம். நூற்றிருபது.
நண்பகல், பனி போய் ஈ வந்திருந்தது.
தண்ணீர் ஊற்று, வழி. ஊற்று, வழி.
நாடி எழுபது, அறுபத்திநாலு, ஐம்பத்தாறு.
மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பை வயிற்றில் நகர்த்தினார்:
இடது மேல், இடது கீழ், வலது மேல்.
வலது கீழில் வெகுநேரம் நின்றார்.
குதிரைக்குள் இடி இடிக்கவேண்டும்.
இடித்தால்தான் நல்லது.
'மெதுவாக இருக்கிறது,' என்றார்,
'புல் தின்னட்டும். மறுபடி பார்க்கிறேன்.'

புல் என்றால் குழல் இல்லை.
மூன்றாவதையும் நாலாவதையும்
சட்டைப்பையில் செருகிக்கொண்டு
கயிற்றைத் தளர்த்திவிட்டு நின்றேன்.
அது கடித்தது, மென்றது, நின்றது, கடித்தது.
என் விரல்கள் ஆடத் தொடங்கியிருந்தன.

விடிந்ததிலிருந்து ஒன்றும் தின்னவில்லை;
ஊசி மட்டும் போட்டிருந்தேன்.
மீட்டரில் மூன்று புள்ளி இரண்டு.
பிஸ்கட் லாரியில். லாரி திடலின் அந்தக் கோடியில்.
திடல் நீண்டுகொண்டே போனது.

மூடியைப் பல்லால் கழற்றி
குழலை என் நாக்கின் பின்புறம் வைத்து அழுத்தினேன்.
ஆப்பிள், உப்பு, மாவு.
குதிரை மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது.
முறைத்துக்கொண்டே விழுங்கினேன்.

கொஞ்ச நேரத்தில் திடல் பழைய அளவுக்கு வந்தது.
மார்மலேட்டின் விலாவில் காதை ஒட்டினேன்.
உள்ளே எங்கோ
காலி டிரம் உருளுகிற சத்தம்.
மருத்துவரும் கேட்டார், கையெழுத்திட்டார்.

மாலை ஆறே காலுக்கு வந்து சேர்ந்தார்கள்.
பதினேழாவது இடம்.
விளக்கொளியில் நேர்க்கோட்டில் துள்ளிக் காட்டியது,
நொண்டவில்லை.

வற்றிய தசை நிரம்ப
குதிரைக்கு மூன்று நாள் ஆகுமாம்.
அதுவரை மேடு கிடையாது, சேணம் கிடையாது.

பிரான்வின் வாளிக்குள் குழல்களை எண்ணினாள்.
'மூன்றாவது நிறுத்தத்தில் கொடுக்கச் சொல்லவில்லையே?'
சொன்னேன்.
அவள் சிரிக்கவில்லை.
சேற்றுக் கையால் நோட்டைத் திறந்து,
நூற்றிருபதுக்கு நேரே எழுதினாள்:

புல். இருபத்தைந்து நிமிடம்.
தில், அறுபது மில்லி.