சூரியக் காபி

ஐஸ் நாட்டுக்கு வேலைக்குப் போகிறேன் என்றாள் பிலோமி.
சிரித்துவிட்டேன்.
காசிமேட்டு ஐஸ் கம்பெனியில்
இருபது வருஷமாய்ப் பார் உடைக்கிறவன் வீட்டில்
இன்னொரு ஆளுக்கும் ஐஸ்தானா?

ஊர்ப்பேர் என் வாயில் நுழையவில்லை.
ஈசா என்று தொடங்கி
தும்மலில் முடிகிறது.
மலைக்கு நடுவே மீன் கம்பெனி, முள் எடுக்கிற வேலை.
"காட் மீனாம்யா. பாக்க நம்ம பன்னா மாரி.
ருசி, சும்மா."

ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை
"இன்னிக்கு இங்க கோடைக்கு மொத நாளு, லீவு" என்று
படம் அனுப்பினாள்.
பேண்டு வாத்தியம், கொடி, பிள்ளைகள்.
எல்லார் தலையிலும் பனி.
இங்கே தடைக்காலம். கம்பெனி மூடி ஒரு வாரம்.
சுற்றாத ஃபேனுக்குக் கீழே படுத்து
அந்தப் பனியை விரலால் பெரிதாக்கிப்
பெரிதாக்கிப் பார்த்தேன்.
கடைசியில் வெறும் வெள்ளைதான் இருந்தது.

ஜூன் முதல் ஞாயிறு.
"கடலுக்குப் போறவங்க நாளுயா இது.
ஒரு போட்டும் போவாது.
கயிறு இழுக்கறானுங்க, தண்ணியில குதிக்கறானுங்க.
செத்தவங்க கல்லாண்ட பூ வெச்சிட்டு
அப்புறம் கேக்கு."
அன்றைக்கு நம் துறைமுகத்திலும்
ஒரு போட்டும் போகவில்லை.
தடை முடியப் பத்து நாள் பாக்கி.
லாஞ்சுகள் தோளோடு தோள் இடித்து நின்றன,
பெயிண்ட் வாடை.
பணம் ஏறிச்சா என்று கேட்டார்களே தவிர
யாரும் யாரையும் வாழ்த்தவில்லை.
வலை பின்னிக்கொண்டிருந்த சவேரியிடம் போய்க் கை கொடுத்தேன்.
"காலையிலயே ஊத்திக்கினியா?" என்றான்.
கையை மட்டும் கொஞ்ச நேரம் விடவில்லை.

டிசம்பரில் குரல் செய்தி.
பதிமூணு திருட்டுப் பசங்க
ராவுக்கு ஒருத்தனா மலையிறங்கி வருவானுங்களாம்.
கரண்டி நக்குறவன் ஒருத்தன்,
கதவை அடிச்சிச் சாத்துறவன் ஒருத்தன்.
ஜன்னல்ல ஷூ வெச்சா மிட்டாய்,
அடங்காத பிள்ளைக்கு உருளைக்கிழங்கு.
ரெக்சன் பள்ளிக்கூட ஷூவைக் கம்பியோரம் வைத்துத் தூங்கிப்போனான்.
நைட் ஷிப்ட் முடிந்து வந்து
அஞ்சு ரூபா சாக்லேட் போட்டேன்.
ஏழு மணிக்குள்
எறும்பு முதல் பங்கு எடுத்திருந்தது.

கிறிஸ்மசுக்கு ரெண்டு நாள் முன்பு இன்னொன்று.
"திருக்கைய அழுக வெச்சு வேகவெக்கிறாங்கயா.
தெருவே மூத்திர நாத்தம்.
இங்க வந்த மத்த நாட்டுக்காரிங்க மூக்கைப் பொத்திக்கினு ஓடறாளுங்க.
நான் ரெண்டு தட்டு துன்னேன்.
கண்ணுல தண்ணி.
காரத்தால இல்ல, அதான் காரமே இல்லியே."

அப்புறம் நாலு வாரம் சத்தமில்லை.
நடுவில் போகி வந்தது, டயர்ப் புகையில் தெரு கறுத்தது.
எதிர்வீட்டில் சூரியனுக்குப் பொங்கல் வைத்தார்கள்.
பானையைப் பார்த்தார்கள், பாலைப் பார்த்தார்கள்.
மேலே யாரும் பார்க்கவில்லை.
கண் கூசும்.

ஜனவரி இருபத்தைந்து. சாயங்காலம் ஆறேகால்.
சூரியநாராயணா தெருவில்
விளக்குப் போட்ட நேரத்தில் போன் அடித்தது.
"வந்திச்சுயா."
யாரு?
"வெயிலு. ரெண்டு மாசம் மலைக்கு அந்தாண்டயே கெடந்துச்சு.
இங்கயும் ஒரு சூரியன் தெரு கீது, பேரே அதான்.
அதுல விழுந்தா நாளு வந்திச்சுன்னு அர்த்தம்.
கம்பெனிய நிறுத்திட்டு
எல்லாருக்கும் காபி.
தோசைய விட மெலிசா ஒண்ணு சுட்டு, சக்கர தூவி, சுருட்டித் தர்றாங்க.
சூரியக் காபின்னு பேரு."
எவ்வளவு நேரம் இருந்தது?
"மூஞ்சில பட்டுச்சு.
அவ்ளோதான். போயிடுச்சு."

மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.
நான் மேற்கே பார்த்தேன்.
கூட்ஸ் லைனுக்கு மேலே சிவப்பு இன்னும் காயவில்லை.
இங்கிருந்து கிளம்பி நேராக
அங்கேதான் போயிருக்கிறது.

ஷிப்டுக்குப் போகிற வழியில் கடையில் நின்று
காபி என்றேன்.
இருபது வருஷமாய் எனக்கு டீ போட்ட மாஸ்டர்
தலை தூக்கினார்.
"சக்கர?"
தூக்கலா.