ஆறாவது விரல்

க்ளைபெடா துறைமுகத்தில், கிரேன் கூண்டுக்குள்
ரீமான்தே மணிக்கொரு முறை
கையுறை கழற்றி விரல்களை எண்ணுவாள்.
ஐந்து. சரி, விழித்துத்தான் இருக்கிறேன்.
கீழே இருப்பவர்கள் சிரிப்பார்கள்:
திருட்டுப் போய்விடுமா என்ன?

மூச்சு வருவதைப் பார்ப்பாள், போவதைப் பார்ப்பாள்.
கொக்கியில் தொங்கும் கன்டெய்னர் மாதிரி
ஏதோ ஒரு கோபம் ஆடி ஆடி வரும்.
தொடமாட்டாள்.
அதுவே போய் எங்காவது இறங்கிக்கொள்ளும்.

பிப்ரவரியில், இரவு வேலை முடிந்த உறக்கத்தில்
எண்ணினாள்: ஆறு.
சன்னலில் பனி மேல்நோக்கிப் பெய்துகொண்டிருந்தது.
கனவு! என்று துள்ளினாள்.
அவ்வளவுதான்.
கூரை, போர்வை, ஹீட்டரின் முனகல்.

மூன்று முறை இப்படியே நழுவியது.

நான்காம் முறை
அடுப்படியில் தௌமான்தஸ் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான்,
கடல் கொண்டுபோன அதே நீலச் சட்டையில்.
ஓடிக் கட்டிக்கொள்ள எழுந்த கைகளை
எழுந்த கைகள் என்று மட்டும் பார்த்தாள்.
மூச்சு வந்தது. போனது.
முக்காலியில் உட்கார்ந்தாள்,
வழி கேட்க வந்தவளைப் போல.

தோல் அறுபடாமல் சுருண்டு சுருண்டு இறங்கியது.
வெகுநேரம்.
பிறகு அவன் நிமிர்ந்து கேட்டான்:
உப்பை எங்கே வைத்தாய்?

காட்டினாள்,
ஆறாவது விரலால்.