குத்தளவு, கிடையளவு

கிடையில் இரண்டாயிரத்துக்கு ஒன்று.
குத்தில் நூற்றுக்கு ஒன்று.
நாகர்கோவில் அலுவலகத்தில்
பதினோரு வருடமாக இப்படித்தான் வரைகிறேன்.
ஆறு கிலோமீட்டர் கிளைக்கால்வாய்
மூன்று மீட்டர் தாளில் காலை நீட்டிப் படுத்துக்கொள்ளும்.
நிற்பதை மட்டும்
இருபது மடங்கு நிற்கவைப்பேன்.
வலது மூலையில் அதைச் சொல்லியும் விடுவேன்,
எறும்பு எழுத்தில்.

திங்கள்சந்தையில் கூட்டம்.
சுருளை விரித்து நான்கு முனையிலும்
தேநீர் கிளாஸ் வைத்தார் சுயம்பு,
வெயிலில் எனக்காக ஸ்டாஃப் பிடித்து நின்றவர்.
அவரவர் சர்வே எண்ணை அவரவர் தேடினார்கள்.
நேசையன் தன்னுடையதைக் கண்டுபிடித்தார்.
வைத்த விரலை எடுக்கவில்லை.

"எனக்க வெளையில மலை எப்பம் முளைச்சு?"

மலையில்லை, மேடு என்றேன்.
எண்பது மீட்டர் நடந்து ஏறுகிற
நான்கு மீட்டர்.
தாளில் நாலு சென்டிமீட்டர் கிடை, நாலு சென்டிமீட்டர் குத்து,
நாற்பத்தைந்து பாகை.
ஏணி சாத்தலாம்.

"எனக்க ஆடு அசைபோட்டுட்டே ஏறும் அதுல.
நீங்க வரைஞ்சதுல ஏறினா
உருண்டு செத்துப்போவும்."

சிரிப்பு. ஜெபசிங் சார் சிரிக்கவில்லை.
பக்கத்து விளை றோஸிலி
மேட்டை வெட்டிக் கால்வாய் போகும் இடத்தைப் பார்த்து
முந்தானையால் வாயை மூடினாள்.
என் சிவப்புக் கோட்டில் அது கிணறு.
கிணற்று விளிம்பில் அவளுடைய ஏழு தென்னைகள்.
மூலையில் எழுதியிருக்கிறது என்றேன்.
அவள் மூலைக்கு வரவேயில்லை.

"ஒருக்கா உள்ளபடி வரைஞ்சு கொண்டுவாங்க பிள்ளே,"
நேசையன் விரலை எடுத்தார்.
"கையெழுத்து அதுல போடுறேன்."

கணினியில் அது ஒரே ஒரு எண்.
இருபதை அழித்தேன், ஒன்று என்று அடித்தேன்.
நேசையனின் மலை
இரண்டு மில்லிமீட்டருக்கு அமர்ந்தது.
றோஸிலியின் கிணறு தூர்ந்தது.
ஏழு தென்னையும் அச்சமின்றி நின்றன.
எனக்கே நிம்மதியாக இருந்தது,
மின்விசிறிச் சத்தம் கேட்டுக்கொண்டு
கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன்.

அப்புறம்தான் தேடினேன், இறக்கத்தை.

கிலோமீட்டருக்கு இருபது சென்டிமீட்டர்.
ஆறுக்கு நூற்றிருபது.
சித்திரை வெயிலில்
மூன்று வாரம் மட்டம் பார்த்துப் பிடித்த இறக்கம்.
உள்ளபடி வரைந்தால்
அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல்.
என் கோட்டின் தடிமனும் அவ்வளவுதான்.
கடைமடைக்கு வெள்ளம் போகிற பாதை முழுவதும்
என் கோட்டுக்குள்ளேயே கிடந்தது.
கோட்டின் மேல் விளிம்பில் புறப்பட்டு
ஆறு கிலோமீட்டர் ஓடி
அதே கோட்டின் கீழ் விளிம்பில்
ஒரு வயலைத் தொடுகிறது.
எந்தக் கண் பார்க்கும்?

அடுத்த வாரம் நேசையன்
தாளைக் கையில் வாங்கிக்கொண்டார்.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டார்.
"இதாக்கும் எனக்க வெளை."
வெகுநேரம் பார்த்தார், பேத்தியின் போட்டோவைப் பார்ப்பதுபோல.
பிறகு,
"வெள்ளம் எந்தப் பக்கமாட்டு போவும்?"

கோட்டுக்குள்ளே என்றேன்.
சொல்லும்போதே அசட்டுத்தனமாக இருந்தது.
அவர் பழைய சுருளையும் விரிக்கச் சொன்னார்.
இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.
ஒன்றில் ஆடு ஏறும், வெள்ளம் தெரியாது.
மற்றதில் வெள்ளம் தெரியும், ஆடு விழும்.
பேனாவை வாங்கி
ஆடு ஏறுகிற தாளில்
கையெழுத்துப் போட்டார்.

அலுவலகம் திருப்பி அனுப்பிவிட்டது.
அளவு விதிப்படி இல்லை,
மறு ஒப்பம் பெறவும்.

வியாழக்கிழமை.
மடியில் இருபது மடங்குச் சுருள்.
ஜன்னலில் வேளிமலை
மழைக்கு முன்னால் எழும்பி நிற்கிறது,
நான் அறிந்த உயரத்தைவிடக் கூடுதலாக.
அதன் மூலையில் எதுவும் எழுதியிருக்கவில்லை.
விளைக்குத் திரும்பும் இடத்தில் அந்த மேடு.
ஓட்டுநர் இரண்டாம் கியருக்கு இறங்கினார்.
நான்கு மீட்டருக்கு
வண்டி முழுக்க உறுமியது.
எனக்கு முன்சீட்டில்
வாழைத்தாரோடு இருந்தவள்
கம்பியை இறுக்கிப் பிடித்தாள்.
நானும்.