உடையும் பொருள்

கடைசி நூறு வாட் குண்டு பல்புகள் தீர்ந்த வாரம்.
தார்த்துவில் பனி முழங்கால் வரை.
பக்கத்துக் கடையில் ஒரே கூச்சல்:
"என் வீட்டு வெளிச்சத்தை அளக்க இவர்கள் யார்?"
ஹெல்டுர்தான்.
இரண்டு பெட்டி அள்ளி, ஊர் பார்க்க
மார்போடு அணைத்தபடி
என் மருந்துக்கடைக்குள் வந்தார்.

இங்கே அந்தக் குரல் பாதியாகிவிடும்.
சீட்டை மடித்தே நீட்டுவார்.
மனைவிக்கு என்பார்.
மனைவி போய் நாலு வருஷம்.
விறகு பிளந்தால் சரியாகாதா, இதற்கெல்லாமா மாத்திரை என்று
இதே வரிசையில் நின்று
பின்னால் இருந்த பெண்ணைக் கேட்டவர்.

மாத்திரை அட்டையைப்
பல்புகளுக்கு அடியில் செருகினார்.
மணி மூன்றரை, வெளியே இருட்டிவிட்டது.
கதவைத் திறந்து பிடித்தேன்.

"மெதுவாக" என்றார்,
என்னிடமா தெரியவில்லை,
"உடைந்துவிடும்."