பத்து மதிப்பெண் வினா

சேர்க்காட்டில் விடைத்தாள் திருத்தும் முகாம்.
வெளியே வெயில் நூற்றேழு.
மின்விசிறிக்கு நேர்கீழே இருப்பவருக்குத்தான் காற்று,
நான் மூலையில்.
ஒரு கட்டுக்கு முப்பது தாள்.
பெயர் கிழிக்கப்பட்டு
டம்மி நம்பர் மட்டும் ஒட்டியவை.

வினா பதினேழு:
நில விரிவாக்கமும் அடிமை முறையும்
டெக்சாஸை உருவாக்கிய விதத்தை விளக்குக.

விடைக்குறிப்பில் ஐந்து புள்ளி, புள்ளிக்கு இரண்டு:
பருத்தி. குடியேற்றம். மெக்சிகோவின் தடை.
இணைப்பு, ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தைந்து.
போர்.

இருபத்தெட்டுத் தாளில் ஒரே கைடு பேசியது,
ஒரே இடத்தில் ஒரே பிழையோடு:
'பருந்து விளைச்சல் பெருகியது.'
பறக்கட்டும் என்று டிக் போட்டேன்.

இருபத்தொன்பதாவது
நீலத்தில் தொடங்கி, மை தீர்ந்து,
கறுப்பில் தொடர்கிறது.

'கூட்டி வந்த ஒவ்வோர் அடிமைக்கும்
எண்பது ஏக்கர் கூடுதலாகக் கொடுத்தார்கள்.
ஆகவே ஆள் என்றால் நிலம்.
மெக்சிகோ அடிமை கூடாது என்றது.
அடிமை என்ற சொல்லை எடுத்துவிட்டு
ஒப்பந்தம் என்று எழுதிக்கொண்டார்கள்.
தொண்ணூற்றொன்பது வருடம்.
கைநாட்டு வைத்தவனை
நூறு வரை எண்ண யாரும் விட்டதில்லை.'

சரி, நான்கு மதிப்பெண் வந்துவிட்டது.
அடுத்த வரியில் பாடம் தடம் மாறியது.

'எங்கள் அப்பா கன்னியப்பன் வாங்கியது எட்டாயிரம்.
அதற்கும் அடிமை என்று பெயர் இல்லை.
முன்பணம்.
நெமிலிப் பக்கம் சீமைக்கருவேலம் வெட்டினோம்
அப்பா, அம்மா, நான், தம்பி.
எனக்கு ஒன்பது வயது, என் கைக்குக் கூலி இல்லை.
வருடக் கடைசியில் எட்டாயிரம்
பதினோராயிரம் ஆகியிருந்தது.
அங்கே தெற்கே ஆற்றைத் தாண்டினால் விடுதலை.
தாண்டியவர்கள் உண்டு.
நாங்களும் தெற்கேதான், ஒரு ராத்திரி, பாலாறு.
தண்ணீர் ஓடியிருந்தால் தடம் அழிந்திருக்கும்.
மணல்தான் இருந்தது.
விடிவதற்குள் இரண்டு பைக் வந்தது.'

அதன்கீழ் இரண்டு வரியை அழுத்தி அடித்திருக்கிறது.
சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன்.
தம்பி என்ற சொல் மட்டும் தெரிகிறது.

பிறகு, ஒன்றும் நடக்காததுபோல:

'போர் முடிந்து, 1865 ஜூன் பத்தொன்பதில்
கால்வெஸ்டனில் படை வந்து விடுதலையை வாசித்தது.
அறிவிப்பு பிறந்து இரண்டரை வருடம் ஆகியிருந்தது.
எங்களுக்குச் சட்டம் பிறந்து முப்பத்தாறு.
ஆர்டிஓ ஜீப்பில் வந்தது.
விடுவிப்புச் சான்றில் அப்பாவின் பெயர்
கன்னியம்மாள் என்று இருக்கிறது.
இவ்வாறாக நில விரிவாக்கமும் அடிமை முறையும்
டெக்சாஸை உருவாக்கின.'

இந்தப் பிள்ளை எழுதாத ஒன்று எனக்குத் தெரியும்.
சீமைக்கருவேலம் அந்தப் பக்கத்து மரம்.
டெக்சாஸ் காடெங்கும் அதன் பங்காளிகள்.
இங்கே விதையாய் வந்தது,
ஏரியைப் பிடித்தது, பிறகு ஆற்றை.
பட்டா கேட்டதில்லை.

எனக்கும் ஒப்பந்தம்தான், பதினொரு மாதம், தொகுப்பூதியம்
என்று நாக்கு நுனிவரை வந்ததை
விழுங்கிக்கொண்டேன்.
என்னைத் தேடி பைக் வராது.

எபனேசர் சார் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.
'சம்பந்தமில்லாததை அடிச்சிடுங்க மேடம்,
குறிப்புல இருக்கறதுக்கு மட்டும் போடுங்க.'

குடியேற்றம் இரண்டு. தடை இரண்டு.
போர் என்று ஒரு சொல்தான், இருந்தாலும் இரண்டு.
பருத்தி இல்லை. இணைப்பு வருடம் இல்லை.
ஆக ஆறு.

சிவப்புப் பேனா ஓரத்தில் வெகுநேரம் நின்றது.
அடிப்பதற்கு ஏற்ற ஒரு வரியைத் தேடி
மணல்வரை போய்த் திரும்பியது.

ஒன்பது போட்டேன்.
ஒன்று ஏன் குறைந்தது என்று கேட்டால்
பருத்தி இல்லை சார் என்பேன்.
மூன்று ஏன் கூடியது என்று கேட்டால்
என்ன சொல்வதென்று
இன்னும் யோசிக்கவில்லை.

முப்பதாவது தாள்.
பருந்து விளைச்சல் பெருகியது.