வட்டமிடாத நாட்கள்

கலெக்டர் ஆபீஸ் கூட்ட அரங்கு, மார்ச் எட்டு.
தர்மபுரி வெயில் பதினொரு மணிக்கே முற்றியிருந்தது.
கேசரி, மிக்சர், ஆளுக்கொரு பேனா.
மைக்கை என் பக்கம் நீட்டினாள்
புதிதாய்ச் சேர்ந்த டைப்பிஸ்ட் பெண்:
"வீட்டையும் ஆபீஸையும் எப்படி மேடம் சமாளிக்கிறீங்க?"

திட்டமிடல், என்றேன்.
காலை ஐந்துக்கு எழுந்துவிடுவேன், என்றேன்.
கைதட்டினார்கள்.
தந்த ஷீல்டில் என் பெயரில் ஒரு கால் விட்டுப்போயிருந்தது.
அதைத் தவிர வேறு பிழை
அப்போது என் கண்ணில் படவில்லை.

சாயங்காலம் இலக்கியம்பட்டி வீட்டைத் திறக்கிறேன்.
துடைத்த தரை காய்ந்திருக்கிறது.
துணி மடிந்திருக்கிறது.
ஒன்பது நாள் கழித்து
காவிரித் தண்ணீர் வந்துபோயிருக்கிறது:
மூன்று டிரம், இரண்டு குடம், பாத்ரூம் பக்கெட்,
கடைசியில் பால் காய்ச்சும் பாத்திரம் வரைக்கும்
விளிம்பில் நிற்கிறது.
நான் மைக் முன்னால்
ஐந்து மணிக்கு எழுந்துகொண்டிருந்தபோது
இந்த வீட்டுக்குள் ஒருத்தி
குழாய்க்கும் டிரம்முக்கும் ஓடியிருக்கிறாள்.

அரிசி டப்பாவுக்கு மேலே, ஆணியில், நகைக்கடைக் காலண்டர்.
பால் பாக்கி, கேஸ் வந்த தேதி, மாமனாரின் திதி,
அப்புறம் சிவப்பு மையில் என் வட்டங்கள்.
சாலம்மா வராத நாள்.
முப்பதாம் தேதி எண்ணிக் கழிப்பதற்கு.
ஜனவரியில் ஒன்று. பிப்ரவரியில் மூன்று.

அவள் வந்த நாளுக்கு என்ன குறி?
தேடினேன்.
ஒன்பது வருடக் காலண்டரிலும் அது வெறும் தாள்.

மறுநாள் இண்டூர் பஸ்ஸில் இறங்கி வந்தாள்,
இலவசச் சீட்டை வளையலுக்குள் சுருட்டிச் செருகியபடி.
ஷீல்டைப் பார்த்தாள். முந்தானையால் ஒரு துடை.
"ஒசரத்துல வெக்காதீங்க.
தூசி அடஞ்சா நான்தான் ஏறணும்."

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல்
வட்டத்தில் விரல் வைத்துக் கேட்டேன்:
போன மாசம் இந்த மூணு நாளும் ஏன் வரல?
அவள் கை நின்றது.
"அதான் கழிச்சிட்டீங்களே."

இல்ல, சும்மா கேட்டேன்.

"இது, மவளுக்கு ஓசூரு கம்பெனியில இண்டர்வியூ. தொணைக்கிப் போனன்.
இது முட்டி. குந்தினா எந்திரிக்க முடியல.
இதுவா..."
பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டுச் சொன்னாள்.
"அன்னிக்கி எங்கூட்டுக்கும் தண்ணி வந்துச்சி."

நன்றி சொல்ல வாய்க்குள் வைத்திருந்ததெல்லாம்
மேடையில் பேசியதைப் போலவே ஒலிக்கும் என்று தோன்றியது.
பேனாவை எடுத்து நீட்டினேன்.
திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"நல்லாத்தான் இருக்கு.
நீளக் கம்பு வெச்ச மாப்பு ஒண்ணு வாங்குங்க,
அது இன்னும் நல்லா இருக்கும்."

வாங்கினேன். இருநூற்றெண்பது ரூபாய்.
ஒன்பது வருடம் அவள் முட்டியில் நான் மிச்சம் பிடித்தது அவ்வளவுதான்.
கழித்த மூன்று நாள் சம்பளத்தைக் கொடுத்தபோது
எண்ணித்தான் வாங்கினாள்.
எண்ணியது எனக்குப் பிடித்திருந்தது.

பேனா இப்போது காலண்டர் ஆணியில்
நூல் கட்டித் தொங்குகிறது.
அடுத்த வாரம் அவளே ஒரு வட்டம் போட்டாள்,
கோணலாய், வெள்ளிக்கிழமையைச் சுற்றி.
காரணம் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமையா பார்த்துத் தண்ணீர் வரவேண்டும்?
ஆபீசுக்கு ஒரு மணி நேரம் பர்மிஷன் சொல்லிவிட்டு
புடவையைச் செருகிக்கொண்டு ஓடினேன்.
முதல் டிரம் நிறைந்தது. இரண்டாவது, வழிய வழிய.
மூன்றாவது பாதியில் இருக்கும்போது
குழாய் காற்றைக் கக்கியது.

சனிக்கிழமை காலை
சாலம்மா டிரம்முக்குள் எட்டிப் பார்த்தாள்.
வெளியே சொம்பால் தட்டி
எதுவரைக்கும் தண்ணீர் என்று காதால் அளந்தாள்.
என்னைப் பார்த்தாள்.
ஷீல்டு எதுவும் தரவில்லை.